காரியம் இல்லாமல் ஒரு பயணம்

இடது காலில் காலுறை ஏறிவிட்டது. வலது கால்தான் ஒத்துழைக்கவில்லை. இவானா கட்டிலோரம் மண்டியிட்டு, மாமியாரின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தியபடி, கறுப்புக் காலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள். கால் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை.

"மெதுவா. விறைக்க நேரம் இருக்கு," என்றாள் சந்தினா. அந்தச் சிறிய விடுதியின் சொந்தக்காரி. சிரகூசாவின் பழைய நகரத்தில், கடலை ஒட்டிய சந்தில் மூன்றே அறைகள் வைத்து நடத்துகிறவள். டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் தானாகவே ஒரு கிண்ணம் வெந்நீரும் சீப்பும் எடுத்துக்கொண்டு மேலே வந்திருந்தாள்.

"உங்க இடத்துல இப்படி ஆயிடுச்சேக்கா. நாளைக்குத்தான் எடுக்க முடியும்னு வேற டாக்டர் சொல்லிட்டார். மன்னிச்சிடுங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு? வர்றவங்கள்ல பாதிப் பேரு சாவியோட போயிடறாங்க. துண்டை மடிச்சுப் பையில வெச்சுட்டுப் போறவங்க இருக்காங்க. உன் மாமியார் போர்வையக்கூடக் கலைக்கலை." சந்தினா ஃபிலிப்பாவின் நரைமுடியை நெற்றியிலிருந்து பின்னால் வாரிவிட்டாள். "தலை மட்டும் துவட்டாத மாதிரி இருக்கு. கடல்ல குளிச்சாளா?"

"இல்லை. காலை மட்டும் நனைச்சாங்க. அலை ஒண்ணு மேல வந்துடுச்சு."

சந்தினா சிரித்துவிட்டு, உடனே சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள்.

இவானாவால் சிரிக்க முடியவில்லை. கணவன் லில்லோவும் அவன் அக்கா என்சாவும் சொந்த ஊரான லியோன்ஃபோர்த்தேயிலிருந்து புறப்பட்டிருந்தார்கள். மலையிறங்கி, சமவெளி கடந்து, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள். வந்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். பலேர்மோ ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காகப் படுத்திருக்க வேண்டியவள், தீவின் மறுகோடியில் உள்ள ஒரு விடுதிக் கட்டிலில் எப்படிச் செத்துப்போனாள்?

போன வாரம் புறப்படும்போது என்சா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "நேரா ஆஸ்பத்திரி, நேரா வீடு. வழியில கண்டதை வாங்கிக் குடுக்காதே. ஏதாவது ஒண்ணு ஆச்சு, நான் உன்னைத்தான் கேப்பேன்." கல்தனிசெத்தாவில் பள்ளிக்கூட டீச்சர் அவள். வீட்டிலும் அதே குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்டால் இவானா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பாள்.

நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். இதய டாக்டர் ஃபிலிப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு இவானாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இனிமேல் செய்வதற்கு எதுவுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்தபோது ஃபிலிப்பா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முகத்தைப் பாத்தாலே தெரியுதுடி. வாயைத் திறக்காதே," என்றாள். பிறகு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "உன் மாமனார் இங்கதான் போனார். என் தங்கச்சியும் இங்கதான். எத்தனை தடவை வந்திருப்பேன் இந்தப் பலேர்மோவுக்கு? இந்த வாசலைத் தவிர ஒண்ணும் பாத்ததில்லை. மெசினாவுக்கு உன் மாமனாரை ஜெர்மனிக்குக் கப்பலேத்தப் போனேன். கட்டானியாவுக்கு எங்கண்ணன் ஜெயில்ல இருந்தப்போ சோறு எடுத்துட்டுப் போனேன். ஒரு ஊருக்காவது காரியம் இல்லாம, சும்மா, போகணும்டி."

"அண்ணி என்னைக் கொன்னுடுவாங்க அத்தே."

"என்னை முதல்ல கொல்லட்டும். அவளுக்கு அந்தச் சிரமம்கூட இருக்காது."

அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டுக்குப் போன் செய்து, இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி என்று இவானா பொய் சொன்னாள். லில்லோ டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே, "சரி, சரி, பாத்துக்கோ," என்றான்.

பலேர்மோவில் ஃபிலிப்பா சந்தைக்குள் நடந்தாள். பத்தடி நடப்பாள், ஏதாவது கடை முன்னால் போட்டிருக்கும் நாற்காலியில் கேட்காமலே உட்காருவாள், கடைக்காரனோடு வம்பளப்பாள். டாக்டர் தொடவே கூடாது என்றிருந்த மாட்டு மண்ணீரலை வறுத்து உள்ளே வைத்த ரொட்டியை எலுமிச்சை பிழிந்து முழுசாகத் தின்றாள். மெசினாவில் ஜலசந்தியைக் கடக்கும் கப்பலில் ஏறி மேல்தளத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிட்டது. இறங்காமல் அதே கப்பலில் திரும்பினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே வெகுநேரம் பார்த்திருந்த ஃபிலிப்பா, "இவ்வளவுதானா? இதைத் தாண்டறதுக்கா அந்த மனுஷன் அப்படி அழுதார்?" என்றாள்.

கட்டானியாவில் பொரித்த சோற்றுருண்டை வாங்கியபோது பெரிய சண்டையே வந்தது. பலேர்மோக்காரர்கள் அதன் பெயரைப் பெண்பாலில் சொல்வார்கள், கட்டானியாக்காரர்கள் ஆண்பாலில். ஃபிலிப்பா வேண்டுமென்றே பலேர்மோ வழக்கில் கேட்டாள். கடைக்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மா, இந்த ஊர்ல அது ஆம்பளை."

"இருக்கட்டும் தம்பி. மேடிட்ட வயித்தைப் பாத்துப் பொம்பளைன்னு நினைச்சுட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரன் காசு வாங்க மறுத்துவிட்டான். இவானா ஃபிலிப்பாவுக்கு மருமகளாக வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. வீட்டில் அவள் அடுப்பைப் பார்த்தபடி பேசுகிறவள். வெளியூரில் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சாயங்காலமானால் மட்டும் பழைய மாமியாராகிவிடுவாள். "போய்க் குளிச்சுட்டு வாடி, மீன் நாத்தம் அடிக்குது. அவசரமில்லை, நல்லா தேச்சுக் குளி," என்று விரட்டுவாள்.

சிரகூசாவுக்கு நேற்று வந்தார்கள். பழைய நகரத்துக்குள் நுழையும் பாலத்தைக் கடக்கும்போது ஃபிலிப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். "இது ஒண்ணுதான் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணாத ஊரு," என்றாள். இன்று காலை கடலில் கால் நனைத்தாள், மத்தியானம் வாள்மீன் துண்டொன்றைப் பாதி தின்றுவிட்டு, சற்றுப் படுக்கிறேன் என்றாள். இவானா ஜன்னலைச் சாத்தப் போனாள். "திறந்தே இருக்கட்டும். தெருச் சத்தம் நல்லாருக்கு." இவானா குளியலறையில் உப்புத்தண்ணீர் பட்ட ரவிக்கையை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தபோது, ஃபிலிப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

சந்தினா வெந்நீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். இவானா மாமியாரின் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். எப்படி அடுக்கினாலும் அது பொய்யிலேயே தொடங்கியது.

அவர்கள் வந்தபோது வெயில் எதிர்வீட்டு மாடிச்சுவருக்கு ஏறியிருந்தது. லில்லோதான் முதலில் உள்ளே வந்தான். கடையிலிருந்து அப்படியே புறப்பட்டிருக்கிறான், நகக்கண்ணில் டயர்க் கறுப்பு போகவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கட்டிலருகே நின்றான், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"வலிச்சுதா?"

"இல்லைங்க. தூக்கத்துலதான். நான் துணி அலசிட்டு இருந்தேன்."

அவன் தலையாட்டினான். பிறகு கேட்டான். "சிரகூசாவுல என்ன பரிசோதனை?"

இவானா வாயைத் திறந்தாள்.

"பரிசோதனை எதுவும் இல்லைடா," என்றாள் என்சா. வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. "ஊர் சுத்திப் பாக்க வந்தாங்க. எனக்குத் தெரியும்."

லில்லோ அக்காவைத் திரும்பிப் பார்த்தான். இவானாவும்தான்.

என்சா உள்ளே வந்து அம்மாவின் காலர் மடிப்பைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "அம்மா தினமும் போன் பண்ணினா. இவ குளிக்கப் போறப்போ. முத நாள் நான் கத்தினேன். உடனே வீட்டுக்கு வான்னேன். போனை வெச்சுட்டா. மறுநாள் அவளே கூப்பிட்டு, ‘கப்பல்ல போனேன்டி’ன்னா. நான் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் கட்டானியாக் கடைக்காரன் கதை. ‘இவானாகிட்ட மட்டும் உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே, அவ பயந்து என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவா’ன்னு சொன்னா." மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினாள். "எங்கிட்ட இவ்வளவு நேரம் அவ எப்பவுமே பேசினதில்லை. சாப்பிட்டியா, பசங்க படிக்குதா, அதோட வெச்சுடுவா. இப்போ நான்தான் வைக்க மனசில்லாம கேட்டுட்டே இருந்தேன்."

இவானா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது.

"நீ உக்காரு," என்றாள் என்சா. அதே டீச்சர் குரல்தான். இவானா உட்கார்ந்தாள்.

லில்லோவும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது," என்றான்.

"உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. டயர் மாத்த வர்றவன்கிட்டல்லாம் சொல்லுவே."

அவன் மறுக்கவில்லை. "எந்தக் கப்பல்?" என்று இவானாவிடம் கேட்டான்.

அவள் சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கோர்வையாக. மண்ணீரல் ரொட்டி, கேட்காமல் உட்கார்ந்த நாற்காலிகள், இறங்காமல் திரும்பிய கப்பல். ‘இதைத் தாண்டறதுக்கா அழுதார்’ என்ற இடத்தில் லில்லோ சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. கறுப்பு விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் தீற்றலாகக் கரி ஒட்டியது.

"நான் இருந்தேன் அன்னிக்கு," என்றான். "அப்பா ஏறினதும் கப்பல் போயிடுச்சு. அம்மா என்னை இடுப்புல வெச்சுட்டு நின்னுட்டே இருந்தா. அழலை. எனக்குப் பசிக்குதுன்னு அழுதேன், ஒரு அடி குடுத்தா." மூக்கை உறிஞ்சினான். "போய்ப் பாத்துட்டாளா. நல்லது."

"இந்த ஊர் ஒரு கெடுதலும் பண்ணலைன்னு நேத்து சொன்னாங்க," என்றாள் இவானா.

"இன்னிக்கும் பண்ணலைதானே," என்றாள் என்சா.

கீழே சந்தில் ஒருவன் மீன்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் கல்லில் விழும் சத்தமும், அவன் யாரையோ செல்லமாகத் திட்டுவதும் கேட்டன. ஜன்னலைச் சாத்த யாரும் எழவில்லை.

மறுநாள் சவ வண்டி சந்துக்குள் நுழைய முடியவில்லை. பெட்டியைத் தோளில் சுமந்து பாலம்வரை கொண்டுபோனார்கள். ஒரு தோள் குறைந்ததற்குச் சந்தினாவின் புருஷன் வந்து நின்றான். இறந்தவளை அவன் ஒரே ஒரு தடவை படிக்கட்டில் பார்த்திருந்தான். காப்பிக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒப்பாரி இல்லை. என்சா முன்னால் நடந்து, வழியில் கிடந்த ஒரு சைக்கிளைத் தானே தூக்கி ஓரம் வைத்தாள்.

வடக்கே கொஞ்ச தூரம் போனதும், சவ வண்டிக்காரர் பெட்ரோல் போடுவதற்காக நெடுஞ்சாலை ஓரம் ஒதுங்கினார். லில்லோவும் காரைப் பின்னால் நிறுத்தினான். தூரத்தில் தெரிந்த எரிமலையின் உச்சியில் புகை லேசாகச் சாய்ந்திருந்தது. சாலைக்கு அப்பால் ஆரஞ்சுத் தோப்புகள். ஒரு லாரிக்காரன் இறங்கி, பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு கழிவறைக்குப் போனான்.

இவானா காரைவிட்டு இறங்கி வெயிலில் நின்றாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் ஒழுங்காக எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு என்சா கடையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கையில் காப்பிக் கோப்பை, இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. சிந்தாமல் இருக்க, கோப்பையையே பார்த்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். இவானா இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.

"நீ நில்லு. சூடா இருக்கு," என்றாள் என்சா.

சர்க்கரை போட்டுக் கலக்கியே கொண்டுவந்திருந்தாள்.