ஏரியின் அடிவரை

மேரன் படகுத்துறையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தாள். வெளிச்சம் நேரே அடிமண் வரை இறங்கியது. மீன்கள் காற்றில் தொங்குவது போலிருந்தன. முன்பெல்லாம் நீட்டிய கைகூடத் தெரியாத ஏரி.

"அண்ணா, வரிபோட்ட மட்டிச் சிப்பிதான் தண்ணியில மிதக்குற மீன் தீனியெல்லாம் தின்னு தண்ணிய இப்படித் தெளிய வச்சிருச்சு. நான்தான் கொண்டாந்தேன். மிச்சிகன் ஏரியில படகுத் தொட்டியில ரொப்பின தண்ணிய இங்கதான் திறந்துவிட்டேன். அதுல மட்டிக் குஞ்சும் சேர்ந்து வந்திருச்சு."

"அடி லூசு, உல்லாசப் படகுக்குத்தான் தண்ணிய அசுத்தம் பண்ணக்கூடாதுங்கிற சட்டத்துல விலக்கு குடுத்துட்டாங்களே! தண்ணி திறந்துவிட பெர்மிட் கேக்கிறது கப்பல்கிட்டதான். உன்னை எவன் பிடிக்கப்போறான்?" என்று பக்கத்தில் நின்ற லெய்ஃப் சிரித்தான்.

"யாரும் பிடிக்கமாட்டாங்க. மீன் பட்டினியா சாகுமேண்ணா."

லெய்ஃப் குனிந்தான். கல்லே தெரியாமல் மட்டிகள், கண்ணுக்கெட்டிய வரை, வாய் திறந்திருந்தன.

"அம்மாடி!" என்றான்.