தரைத்தளத்தில் நாலாம் மாடி

அதிகாரி தரைத்தள வீட்டின் கதவு எண்ணைப் பார்த்தார். அண்ணாந்து நாலாம் மாடியைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். பலகையில் 402 என்று பளிச்சென்று இருந்தது.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'வெளிப்படை' என்று பெயர். பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டிய சீர்திருத்தத் திட்டத்தில் சிபாரிசு செல்லாது, எல்லாம் குலுக்கல்தான் என்று மேடையில் முழங்கியபோது, மூச்சுக்கு மூச்சு வெளிப்படைத்தன்மை என்றார். நாங்களும் கைதட்டினோம். குலுக்கலுக்குக் கண் கிடையாது, நல்ல விஷயம்தான். ஆனால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன கொத்தனாருக்கு அது நாலாம் மாடியைக் கொடுத்தது. படிகளை ஓடியே ஏறும் பஸ் டிரைவருக்குத் தரைத்தளத்தில் இரண்டாம் நம்பர் வீடு. லிஃப்ட் இரண்டாம் கட்டத்தில் வருமாம். இப்போதைக்கு அதற்கான குழியை மட்டும் குறையில்லாமல் கட்டியிருந்தார்கள். வீட்டை மாற்றிக்கொண்டால் இரண்டு ஒதுக்கீடும் ரத்து.

குடியேறிய அன்று கொத்தனாரை நாங்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். "மெதுவாப் போங்கப்பா. என்னைய யாரும் இவ்ளோ உயரத்துல வச்சதில்ல" என்றார். சிரித்தோம். அதற்கப்புறம் அவர் கீழே வரவேயில்லை. ஜன்னலில் இருந்தபடி, "உங்கள்ல யாருக்கு வழுக்கை விழுதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்று கத்துவார். சில நாட்களில் அந்தச் சத்தமும் நின்றது.

அவர் மனைவி தையல்காரம்மா ஒரு காலை டிரைவரிடம் வந்தாள். "வீட்டைத்தானே மாத்தக் கூடாது? நம்பர் பலகைய மாத்தக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா அண்ணே?"

டிரைவர் திருப்புளியோடு மாடிக்கு ஓடினார். அன்றே கொத்தனாரை நாங்கள் கீழே இறக்கினோம், டிரைவர் மேலே குடியேறினார்.

இப்போது சரிபார்க்க வந்த வெளிப்படை கேட்டார்: "நானூத்தி ரெண்டு எப்படிம்மா கீழ வந்துச்சு?"

"லிஃப்ட் மேல வரல சார். அதான் மாடி கீழ வந்துடுச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இறுகப் பிடித்தபடி, "ரத்து பண்றதுன்னா பண்ணுங்க. இவர மறுபடி மேல ஏத்த மாட்டேன்" என்றாள்.

"அப்போ ரெண்டாம் நம்பர் வீடு?"

"மேல சார்" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

சரிபார்க்காமல் போகக் கூடாது என்பதும் விதிதான். ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நாங்கள் சுவரோடு ஒட்டி நின்று மரியாதையாக வழிவிட்டோம். ஒருவரும் குனியவில்லை, எங்கள் கட்டடம் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினார்.

இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொத்தனார் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிவந்து வாசலில் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "உக்காருங்க சார். எனக்குத் தெரியும் அந்தப் படிங்கள."

வெளிப்படை குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கதவிலிருந்த நம்பர் பலகையை உற்றுப் பார்த்தார்.

"யாருய்யா மாட்டினது? கோணலா இருக்கு."

சட்டைப் பையில் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து, விளிம்பைத் திருகாணியில் பொருத்தினார். கொத்தனார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு நூல் தூக்குங்க சார்... இன்னும் கொஞ்சம்."