நடுப்பலகை இறங்க மறுத்த மதியம்

1

இந்தக் கதை ஒரு முதுகிலிருந்து பிறந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு முதுகுகளிலிருந்து.

கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அதன் வயிற்றுப் பக்கம் இரண்டு பெண்கள் தலை தெரியாமல் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். "இழுங்க அண்ணி" என்றது ஒரு முதுகு. "இழுத்துக்கிட்டுத்தாண்டி இருக்கேன், நீ பேச்சைக் குறை" என்றது இன்னொரு முதுகு. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானே சேர்த்தது.

எனக்குப் படகு கிடையாது. நீச்சலும் வராது. ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் விட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. விசாரித்தேன், படித்தேன், தீப்பெட்டியும் ஐஸ் குச்சியும் வைத்து ஒரு மாதிரிகூடச் செய்து பார்த்தேன். பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரிகள் இப்படி வந்தன:

கடல் அன்று ஒரு மாபெரும் மௌனத்தைப் போல — (வேண்டாம். கடல் அன்று கடலைப் போலத்தான் இருந்தது.)

வாழ்க்கையும் ஒரு பாய்மரப் படகுதான், எப்படியென்றால் — (எப்படியும் இல்லை.)

பலகை இறங்கவில்லை.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

2

பலகை இறங்கவில்லை. எந்தப் பலகை? சொல்கிறேன். அவசரக்காரர்கள் நேரே 3-க்குத் தாவலாம். தாவினால் நஷ்டம் உங்களுக்கு.

ஈரமான சோப்பை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்துவது பக்கவாட்டில், அது பாய்வது முன்னால். பாய்மரப் படகும் அப்படித்தான். பக்கத்திலிருந்து வரும் காற்று பாயைத் தள்ளுகிறது. தண்ணீருக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு பலகையை எதிர்ப்பக்கத்துத் தண்ணீர் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட படகு வேறு வழியில்லாமல் முன்னால் நழுவுகிறது. பலகை இல்லையென்றால் அது காற்று தள்ளிய பக்கம் நண்டு மாதிரி நகர்ந்து, கடைசியில் பாறையில் போய் உட்காரும்.

அந்தப் பலகைக்கு நடுப்பலகை என்று பெயர். படகின் நடுவில் ஒல்லியாக ஒரு கூடு இருக்கும். கூட்டின் வாய் படகின் அடிவயிற்றில் திறந்திருக்கும். மடக்குக் கத்தியின் அலகு போல, பலகை ஓர் ஆணியில் மாட்டி அந்தக் கூட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். கயிற்றைத் தளர்த்தினால் இறங்கும், இழுத்தால் ஏறும்.*

* கூட்டுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் வேண்டும். கூடிப்போனால் அலையில் பலகை ஆடி 'டொக் டொக்' என்று தட்டும். குறைந்துபோனால் சிக்கிக்கொள்ளும். இந்தக் கதை முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. வேறு எங்கும் தேட வேண்டாம்.

3

முதலில் அண்ணியை வங்கி அதிகாரியாக எழுதினேன். ஒரு பக்கம் முழுக்கப் படகைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. பிறகு தையல்காரி ஆக்கினேன். உடனே படகின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "இதுக்கு எவன் அளவெடுத்தான்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

நாத்தனார், அதாவது அண்ணியின் கணவனுடைய தங்கை, பல் டாக்டர். இதை நான் யோசிக்கவே இல்லை. வந்ததும் வராததுமாகக் கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்து, "ஆ காட்டு" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

படகு, அண்ணியின் கணவன் வாங்கியது. அவன் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை. போனில் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பதோடு சரி. அவன் போன பிறகுதான் இரண்டு பெண்களும் பாய் விரிக்கக் கற்றுக்கொண்டார்கள். வாரம் முழுக்க ஒருத்தி சட்டைக்குக் காஜா எடுக்கிறாள், ஒருத்தி கடைவாய்ப் பல் பிடுங்குகிறாள். வாரத்தில் ஒரு காலை மட்டும் அவர்களை யாரும் "இன்னும் முடியலையா?" என்று கேட்காத ஓர் இடம் இருக்கிறது. அது இந்தப் படகு.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. படகுச் சங்கத்தில் ஒரு விதி: பருவத்தில் ஒரு பந்தயத்தையாவது முடிக்காத படகு கரையில் தன் இடத்தை இழக்கும். இவர்கள் படகு இந்த வருடம் ஒன்றையும் முடிக்கவில்லை. ஒருமுறை பாய் கிழிந்தது, ஒருமுறை டாக்டருக்கு அவசரமாக ஒரு பல். நாளைக் காலை நடப்பது கடைசிப் பந்தயம். இடம் போனால் படகை நிறுத்த வேறு கரை கிடையாது, விற்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இவர்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு. முன்பு ஒருமுறை பாய்மரத்துக் கம்பியை அண்ணி இறுக்க, அது தெரியாமல் நாத்தனார் தளர்த்த, மறுபடி அண்ணி இறுக்க, கம்பியே அறுந்துபோனது. அன்றிலிருந்து தனியாக யாரும் படகில் கை வைக்கக் கூடாது. எது செய்தாலும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

போன வாரம் தண்ணீரில் இருந்தபோது பலகை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டே வந்தது. நாத்தனார் ஒவ்வொரு டொக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணி புதன்கிழமை தனியாகக் கரைக்கு வந்தாள். சட்டைக் காலருக்குள் வைக்கிற கெட்டித் துணியில் ஒரு பட்டை வெட்டி, மூன்றாக மடித்துத் தைத்து, கூட்டு வாயின் இடது பக்கம் பசை போட்டு ஒட்டினாள். பலகையை ஏற்றிப் பார்த்தாள். கச்சிதமாகப் பிடித்தது. 'தேவைன்னா பிரிச்சு விட்டுக்கலாம்' என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மழை பெய்தது.

இதை அண்ணி நாத்தனாரிடம் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

4

பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம். படகைச் சாய்த்துப் போட்டாயிற்று. பலகை கால்வாசி வெளியே வந்து, அதற்கு மேல் வர மாட்டேன் என்று நின்றது.

(பழுது பார்ப்பதில் ஒரு முறை உண்டு. பார்க்கச் சுலபமானதை முதலில் பார்க்க வேண்டும். ஆணியைக் கழற்றுவது கடைசி. எடுத்த எடுப்பில் ஆணியைக் கழற்றுகிறவர்கள் கதையை முடிவிலிருந்து எழுதுகிறவர்கள். மீண்டும் மாட்டுவதற்குள் விடிந்துவிடும்.)

"கயிறு?" என்றாள் நாத்தனார்.

"கயிறு சும்மா தொங்குது. அது மேல தப்பு இல்ல."

"அப்ப மண்ணா இருக்கும்."

"மண்ணேதான்!" என்றாள் அண்ணி. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பையிலிருந்து துணி வெட்டும்போது வைக்கிற நீள இரும்பு ஸ்கேலை எடுத்தாள். கூட்டு வாயின் வலது ஓரமாகவே விட்டு இழுத்தாள். ஈர மண் பொலபொலவென்று கொட்டியது. பிறகு ஒரு சிப்பி விழுந்தது.

"இந்தா, பிடிச்சாச்சு திருடனை! இழுடி."

இழுத்தார்கள். பலகை ஒரு விரற்கடை வந்தது. நின்றது.

"மரம் ஊறியிருக்கும்" என்றாள் அண்ணி. "வெயில்ல கொஞ்சம் காயட்டும்."

"ஆமா அண்ணி. ஊறித்தான் இருக்கும். கண்டிப்பா ஊறித்தான் இருக்கும்."

(நாத்தனார் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவள் இல்லை. எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை.)

அப்போது சங்கத்தின் செயலாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்றே பெயர். கையில் அளவு டேப். படகு நிற்கும் இடத்தின் நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார்.

"என்ன சார் இது?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா. வரிசையில ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார். அவரு படகு கொஞ்சம் நீளம்."

"உசுரு இருக்கும்போதே அளவெடுக்காதீங்க சார். அளவெடுக்குறது என் தொழில். நான் எடுத்தா தைச்சுக் குடுப்பேன். நீங்க எடுத்தா இடத்தையே காலி பண்ணுவீங்க."

"நாளைக்கு ஓடி முடிச்சிடுங்க, நான் டேப்பைச் சுருட்டிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார் விசில்.

அவர் போன பிறகு அண்ணி அவர் அளந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் ஊறிய பட்டை உள்ளே எப்படி உப்பியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். துணியோடு பழகினவள். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் இடம் போகும்.

அண்ணி ஒரு பெருமூச்சு —

(இல்லை. அவள் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை.)

"ஏண்டி, பல்லை அடைச்சப்புறம் உசரமா இருக்கா இல்லையான்னு நீ எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டாள்.

நாத்தனார் தயங்கினாள். "நீலத் தாள் வச்சுக் கடிக்கச் சொல்வேன். எங்க இடிக்குதோ அங்க நீலம் ஒட்டும்."

"கார்ல இருக்கா?"

"...இருக்கு."

"கொண்டா. இதுக்கும் வச்சுப் பார்ப்போம்."

5

நீலத் தாள் தலைமுடியைவிட மெல்லியது. அதோடு ஓர் இடுக்கியும், நீண்ட காம்பில் பொட்டு அளவுக் கண்ணாடியும் வந்தன.

"இதையெல்லாம் மறுபடி யாரு வாயிலயும் வைக்க மாட்டியே?"

"பழசு அண்ணி. இனிமே படகுக்கு மட்டும்தான்."

"நல்லவேளை. நாளன்னைக்கு நான் உன்கிட்ட வரணும்."

இடது பக்கம் தாளை விட்டார்கள். நழுவிக்கொண்டே போன தாள் ஓரிடத்தில் சிக்கியது. பலகையை ஆட்டினார்கள். தாளை எடுத்துவிட்டு நாத்தனார் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தாள்.

"என்ன அண்ணி இது? நீலம் ஒட்டின இடம் காலர் துணி மாதிரி இருக்கு?"

"மாதிரி இல்ல. காலர் துணியேதான்."

சொல்லிவிட்டு அண்ணி திட்டு வாங்கத் தயாராக நின்றாள். திட்டு வரவில்லை. நாத்தனாரின் முகம் சிவந்திருந்தது. வலது பக்கம் தாளை விட்டாள். அங்கேயும் சிக்கியது. கண்ணாடியை அண்ணியிடம் நீட்டினாள்.

அண்ணி குனிந்து பார்த்தாள். பழுப்பு மரத்தில், வெள்ளையாக, வழவழவென்று, பாதிக் கடலை அளவுக்கு ஒரு மேடு. அதன் உச்சியில் நீலப் பொட்டு.

"என்னடி, படகுக்குப் பல்லு முளைச்சிருக்கு?"

"ஃபில்லிங் அண்ணி. செவ்வாய்க்கிழமை வச்சேன். க்ளினிக்ல இருந்து விளக்கெல்லாம் எடுத்துட்டு வந்து காய வச்சேன்."

"தனியா தொடக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். நீங்க மட்டும் என்னவாம்?"

அண்ணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு சத்தமாக வந்தது. நாத்தனாரும் சரிந்து உட்கார்ந்தாள்.

"அந்த டொக் டொக் சத்தத்துக்கு நீங்க மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே வந்தீங்க. அதான்."

"நானா? நீ கண்ணை மூடி மூடித் திறந்தேன்னுதாண்டி நான் ராவெல்லாம் தைச்சேன்!"

(இனிப்பு தூக்கல்தான். எனக்கும் தெரிகிறது. ஆனால் கூட்டுக்கு இரண்டு பக்கம், படகுக்கு இரண்டு பேர். நான் என்ன செய்யட்டும்?)

6

இப்போது கணக்கு எளிது. இரண்டில் ஒன்று இருந்தால் பலகை ஆடாது, சிக்காது. இரண்டும் இருப்பதுதான் தொல்லை. ஒன்றை எடுக்க வேண்டும். எதை?

"என் துணியை உரிச்சுடலாம். தண்ணி பட்டா மறுபடி உப்பும்" என்றாள் அண்ணி.

"வேணாம், என்னோடதைத் தேய்ச்சுடறேன். அது கல்லு மாதிரி. போகப் போகக் கூட்டைச் சுரண்டிடும்."

"உன்னுது இருக்கட்டும்னு சொல்றேன்ல?"

"உங்களுது இருக்கட்டும் அண்ணி!"

இதுவரை பலகைதான் நகராமல் இருந்தது. இப்போது இவர்களும் நகரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முடிவு அ: அண்ணி பட்டையை உரித்தாள். உரிக்கும்போது —

முடிவு ஆ: நாத்தனார் ஃபில்லிங்கைத் தேய்த்தாள். பழக்கதோஷத்தில், "வலிச்சா கையைத் தூக்கு" என்று படகிடம் —

முடிவு இ: இரண்டையும் எடுத்தார்கள். டொக் டொக் —

மூன்றையும் பாதியில் விட்டேன். துணி சத்தமே போடாது, ஆனால் ஊறும். ஃபில்லிங் ஊறாது, ஆனால் உரசும். இரண்டும் இல்லாவிட்டால் தாளம் கேட்டுக்கொண்டே போகலாம். நிறை குறை எல்லாம் சொல்லிவிட்டேன். சுரண்டி எடுக்க இதோ ஒரு ஸ்க்ரூடிரைவர், வாங்கிக்கொள்ளுங்கள்.

[இங்கே நீங்கள் ஒன்றை எடுக்கவும்.]

எடுத்தாயிற்றா? நன்றி.

மறுநாள் காலை பக்கக் காற்று பலமாக இருந்தது. விசில் ஊதியதும் படகு முதலில் நண்டாகத்தான் போனது, நேராகப் பாறைப் பக்கம். "விடுங்க அண்ணி, விடுங்க!" அண்ணி கயிற்றைத் தளர்த்தினாள். உள்ளே ஏதோ வழுக்கி இறங்குவது அவள் பாதத்துக்கு முதலில் தெரிந்தது. அடுத்த கணம் ஈரச் சோப்பு விரலிலிருந்து தப்பித்தது. இரண்டு பேரும் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்பது காற்றில் கரைக்குக் கேட்கவில்லை.

எத்தனையாவதாக வந்தார்கள் என்று கேட்காதீர்கள். விதியில் முடித்தால் போதும் என்றுதான் இருக்கிறது. முடித்தார்கள். விசில் டேப்பைச் சுருட்டினார்.

போன வாரம் அந்தப் பக்கம் மறுபடி போனேன். அதே இடத்தில் அதே படகு சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கூட்டின் வாய் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது. நீலம் எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது என்று குனிந்தால் தெரிந்துவிடும். எழுதினவன் நான்தான், இருந்தும் ஆசையாக இருந்தது. முழங்காலில் கைவைத்துப் பாதி வளைந்தேன். பிறகு நிமிர்ந்துவிட்டேன். எடுத்தது நீங்கள், பார்க்க வேண்டியதும் நீங்கள்தான்.

குனியுங்கள். முதுகு பத்திரம்.