நான்காம் ரீலில் ஒரு முழங்கை

வியாழக்கிழமை காலை, நகரத் தணிக்கைக் குழுவின் கடிதத்தைப் பட விநியோக அலுவலகத்தின் மேலாளர் ஹோல்கம், லொரீனின் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். படங்கள் தியேட்டர்களுக்குப் போகுமுன் ரீல்களைக் கையால் ஓட்டிப் பார்த்துக் கிழிசலை ஒட்டுவது அவள் வேலை. 1943. மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த அந்த நகரத்துக்கு வாரம் தவறாமல் போர்ப்படங்கள் வந்து இறங்கின. அவள் கணவன் ஆர்லிஸ் இத்தாலியில் சண்டையில் இருந்தான்.

இந்தப் படம் முழுக்க ஜனநாயகப் பேச்சுதான். நாஜிகள் இனம் பார்த்து மனிதனைப் பிரிக்கிறார்கள், நாம் அப்படியல்ல என்று ஒரு தளபதி மூன்று நிமிடம் முழங்குகிறார். கடிதம் அதைத் தொடவில்லை. நான்காம் ரீலில் சிப்பாய்கள் ஒரே டப்பாவிலிருந்து பீன்ஸ் தின்கிறார்கள்; நடுவில் ஒரு கறுப்புச் சிப்பாய் உட்கார்ந்து, தான் ஏன் சண்டைக்கு வந்தேன் என்று சொல்கிறான். அது மட்டும் போக வேண்டுமாம்.

லொரீன் வெட்டினாள். இதுபோல் எத்தனையோ வெட்டியிருக்கிறாள்.

மாலையில் தரை துடைக்க வந்த ஐடெல்லா ஒரே சந்தோஷத்தில் இருந்தாள். தங்கை மகன் ரூஃபஸ் அந்தப் படத்தில் சிப்பாயாக வருகிறானாம், வசனமெல்லாம் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பதினாறு பேர் போகிறார்களாம். அந்த இடத்தை வெட்டிவிட்டதை லொரீன் அப்போதே சொல்லியிருக்கலாம். பசை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

திங்களன்று ஐடெல்லா வாளியைக் கீழே வைத்தாள்.

“அவன் முழங்கையைப் பாத்தோம், மிஸ் லொரீன். டப்பாவை நீட்டுற கை. அவ்வளவுதான். என் தங்கச்சி அதைப் பாத்தே என் புள்ளன்னு சொல்லிட்டா. கறுப்பங்களுக்குன்னு ஒதுக்குன மேல்மாடியில எங்காளுக எல்லாரும் கை தட்டுனாங்க.”

“எனக்கு உத்தரவு வந்துச்சு, ஐடெல்லா.”

“வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரியும்.” குரல் உயரவில்லை. துணியைப் பிழிந்தாள். “காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

லொரீன் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஹோல்கம் அந்த ரீலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைதட்டலைப் பற்றிப் புகார் வந்திருந்தது. அந்த முழங்கையையும் எடுத்துவிடச் சொன்னார்.

“நீங்களே எடுங்க,” என்றாள்.

“என்ன புதுசா? உன் புருஷன் அங்க எதுக்குச் சாகப் போயிருக்கான்? நம்ம ஊரு நம்ம ஊராவே இருக்கணும்னுதானே?”

கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது அவர் வெட்டி முடித்து, விரலில் ஒட்டிய பசையை அவளுடைய கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த வாரம் டயர் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஒருநாள் பஸ் ஏறியபோது, கறுப்பர்களுக்கான பின்பக்கக் கூட்டத்தில் ஐடெல்லா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளையருக்கான முன்பக்கம் பாதி காலி. லொரீன் உட்கார்ந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று அவளிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தாள். அதற்கு ஒரு நன்றியை எதிர்பார்த்துத் தன் மனம் ஏங்குவது புரிந்ததும், தன்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.