ஒரு வரிசை கூடுதலாக

அது சனிக்கிழமைதானா என்று லவீனியாவுக்கு இப்போது நிச்சயமில்லை. ஜன்னல் திறந்திருந்ததா என்பதையும் அவள் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டாள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்பதில் மட்டும் மாறியதே இல்லை.

அவள் கணவன் ஓரின் புல்வெட்டும் இயந்திரங்களுக்கு விளம்பரம் எழுதுகிறவன். சிகாகோவுக்கு வெளியே புதிதாக எழும்பிய தெருவில், 1912இல் வீடு வாங்கியிருந்தார்கள். அங்கே யாரும் வேலி போடுவதில்லை. ஒரு வீட்டுப் புல் அடுத்த வீட்டுப் புல்லோடு ஒட்டிக்கொண்டு தெருக்கோடிவரை ஒரே பச்சை.

'சத்தமே வராது' என்று எழுதியவனுக்குக் கம்பெனி அந்த இயந்திரத்தையே அனுப்பிவைத்தது. அன்று மதியம் அதை வெளியே தள்ளினான். பக்கத்து வீட்டு ஹோபர்ட் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லையிலேயே நிறுத்திடாதப்பா. கோடு தெரியும், என் மானம் போயிடும். இந்தப் பக்கமும் ஒரு வரிசை ஓட்டிடு. இங்க அதுதான் மரியாதை."

"விட்டா முழுசையும் வெட்டச் சொல்வீங்க போல."

"வெட்டினா வேணாம்னா சொல்லப்போறேன்?"

லவீனியா சிரித்தபடி சமையலறைக்குப் போனாள். மேசையில் தட்டுகளை வைத்துவிட்டு அழைக்க வந்தபோது ஓரின் இல்லை. ஹோபர்ட்டின் புல் முழுவதும் வெட்டியிருந்தது.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன்மா. அடுத்த வீட்டுக்கும் ஒரு வரிசை மரியாதை பண்ணப் போயிருப்பான்" என்றார் ஹோபர்ட்.

அடுத்த வீட்டிலும் முழுதாக வெட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.

"தங்கமான மனுஷன் உன் புருஷன். எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு நாள் தோணியிருக்கா?" என்றாள் ஒருத்தி.

"எந்தப் பக்கம் போனாருன்னு பார்த்தீங்களா?"

"இல்லையே. வெளிய வந்தப்ப வெட்டி முடிஞ்சிருந்தது."

கடைசி வீட்டுக்கு அப்பால் வீடுகள் இல்லை, ஆளுயரக் காட்டுப்புல்தான். அதற்குள்ளும் இயந்திரத்தின் அகலத்துக்கு ஒரு பாதை போயிற்று. வெட்டுப்பட்ட புல்தாள்களில் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் அதிலேயே நடந்தாள். வெகுதூரத்தில், காற்றில்லாத அந்த வெயிலில், புல்லின் நுனிகள் ஒரே கோடாகச் சாய்ந்துகொண்டு போயின.

"ஓரின்! சாப்பாடு ஆறுது. போதும், வா."

அசைவு நின்றது. அவள் காத்திருந்தாள். பிறகு அது திரும்பி, அடுத்த வரிசையைத் தொடங்கியது. அவள் ஓடினாள். எவ்வளவு ஓடியும் தூரம் குறையவில்லை.

ஓரின் வரவில்லை. இயந்திரமும் கிடைக்கவில்லை. ஹோபர்ட் மறுவருடம் மாரடைப்பில் இறந்தார். காட்டுப்புல் இருந்த இடத்தில் இன்று நான்கு தெருக்கள். லவீனியா வீட்டை விற்றுவிட்டு செயின்ட் லூயியில் தங்கையோடு மூன்றாவது மாடியில் இருக்கிறாள். தொப்பிக் கடையில் வேலை. மறுமணம் செய்துகொள்ளவில்லை.