ஜன்னலைத் தவிர்த்து

நூருன்னிசாவுக்கு முழங்கால் போய்விட்டது. பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் இருக்கிற நாலாம் மாடி வீட்டுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை ஏறினால் மூன்றாம் தடவைக்கு அல்லாஹ்வைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். அதனால்தான் விற்கிறாள். தாகேதாவில் தரையோடு தரையாக ஒரு வீடு பேசி வைத்திருக்கிறாள். இது இன்று முடிந்தால்தான் அது.

முடியப்போகிற நேரத்தில் தரகன் சுரேந்திரன் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரியைச் சொருகிக்கொண்டு வந்தான்.

"ஜன்னல் மாத்தினதுக்கு நகராட்சி அனுமதி இல்ல, மிஸ்திரி சான்றும் இல்ல. அதனால, தகுதியில்லாத ஆள் போட்டது, குறையுள்ளதுன்னு எழுதிட்டேன் அக்கா. நாளைக்கு என் கழுத்தை யாரும் பிடிக்கக் கூடாதில்ல? இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தகுதியில்லாத ஆளாம்! அலுமினிய ஜன்னல் கடை வைத்து, பாதித் தெருவுக்கு ஜன்னல் பொருத்தி, கடை முத்திரையோடு சான்றும் எழுதிக் கொடுத்தவர் அவள் கணவர் மீரா முகைதீன். போன வருஷம் மௌத்தானார். சொந்த வீட்டுக்கு மட்டும் சான்று எழுதவில்லை. எந்தக் கடைக்காரன் தன் பெண்டாட்டிக்குப் பில் போடுவான்?

"அனுமதி இல்லன்னு எழுது தம்பி, அது நிசம். சான்று இல்லன்னும் எழுது. குறைன்னு எழுதாத."

"செத்துப் போனவருக்கு இனி என்னக்கா ஆகப் போகுது?"

நூருன்னிசாவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "சாயிமா, இங்க வா. ஜன்னலைக் கழட்டு."

"உம்மா, வெளிய மழை!"

"வீடு வாங்க வந்த அந்தம்மா தலையில குறையுள்ள ஜன்னலைக் கட்டுறது பாவம். வீட்டை வித்துட்டு, ஜன்னலை நாம எடுத்துட்டுப் போவோம்."

தாயும் மகளும் தள்ளு ஜன்னலின் முதல் கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தார்கள். தண்டவாளத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்கால் விண்ணென்று தெறித்தது, அவள் விடவில்லை. இரண்டாவதும் வந்தது. ஆடி மாதத்து மழை கேட்காமல் உள்ளே புகுந்து, வாங்க வந்த பர்மிய அம்மா டோ சான் யியின் மடியையும் மேசையிலிருந்த ஒப்பந்தத்தையும் நனைத்தது.

டோ சான் யி துள்ளி எழுந்து, என்ன நடக்கிறது என்று பர்மிய மொழியில் கத்தினார். சுரேந்திரன் வாயைத் திறப்பதற்குள் நூருன்னிசா அதே மொழியில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்த அம்மா தரகனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு சுற்று இளைத்தே போனான். "பதினோரு வீடு காட்டினாய், பதினொன்றும் ஒழுகியது. இது ஒன்றுதான் ஒழுகவில்லை. யார் கேட்டார்கள் உன் வரியை?"

சுரேந்திரன் நனைந்த தாளைத் தள்ளிவிட்டுப் புதுத்தாள் எடுத்தான். "சரிக்கா, முதல்ல ஜன்னலை மாட்டுங்க. எழுதிடறேன்."

"முதல்ல எழுது."

"என்னன்னு?"

"அனுமதி இல்ல. சான்று இல்ல. போட்டது மீரா முகைதீன். பேரை முழுசா எழுது."

எழுதினான். சாயிமா ஒவ்வொரு வார்த்தையாக வாசித்துக் காட்டிய பிறகே நூருன்னிசா கையெழுத்துப் போட்டாள். அதுவரை மழை உள்ளேதான் பெய்தது.