நாலு மாத அல்சர்

அம்மாவின் கைபேசியில் இருந்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாகத் தகவல் சொல்லிக்கொண்டு வந்த மகள், பாதியில் குரல் கம்மிப்போய்த் தண்ணீர் குடிக்க எழுந்தாள். அதுதான் சமயமென்று வேன் ஓட்டுநரான அவள் அப்பா கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கூடத்தில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் போன உயிர். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதென்று முடிவாகியிருந்தது. இப்போது மணி பதினொன்று. மனுஷன் தனியாக அழட்டும் என்று வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவர் அழவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, மனைவி கடைசிக் காலத்தில் எதையெல்லாம் தேடிப் பார்த்தாள் என்று அந்தக் கைபேசியைத் துருவிக்கொண்டிருந்தார்.

ஒன்றுமில்லை. தேடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவளின் கைபேசியில் ஒரு தேடல்கூட மிச்சமில்லை. பஸ் நேரம் பார்த்தது, மழை வருமா என்று பார்த்தது, அதுவும் இல்லை. யாரோ உட்கார்ந்து சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள். அந்த யாரோ யாரென்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

நாலு மாதம் முன்பு மருத்துவர் இவரை மட்டும் தனியாக அழைத்துக் கணையத்தில் புற்றுநோய் என்றார். முற்றிவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்குமேல் கையில் ஒன்றுமில்லை. அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாமென்று இவர் மருத்துவரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மருத்துவர் அரைமனதாகத் தலையாட்டினார். வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம், "ஒண்ணுமில்ல, அல்சராம். காரம் மட்டும் கூடாதாம்" என்றார். "சரி" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள் அவள்.

அன்றே மகளிடம் சத்தியம் வாங்கினார். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பெயர் தெரியாதபடி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். வேளாவேளைக்கு அவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர். நாற்பது பிள்ளைகள் அவரை ஏமாற்றுவார்களே தவிர, அவர் யாரையும் ஏமாற்றியதில்லை. அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் காது குத்தத் துணிந்தது யாருக்கு என்று பாருங்கள். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒன்றுதான் இப்போது அவருக்கு வேண்டும். தெரியாமல் போயிருந்தால், கட்டினவளைக் கடைசிவரை ஏமாற்றி வழியனுப்பிய பாவி அவர். தெரிந்தே போயிருந்தால்? இவர் ஊறுகாய் பாட்டிலை ஒளித்துவைத்து விளையாடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் ஒண்டியாக அதைச் சுமந்திருக்கிறாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு சின்ன மேடம் வந்தாள். நூலகத்தில் பதினொரு வருடமாக, நூலகரான அவர் மனைவிக்குப் பக்கத்து மேசை. சின்ன மேடம் என்பது பெயருக்குத்தான். நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்துதான் வர வேண்டும். நூலகரை அக்கா என்று கூப்பிட்டுப் பழகியதில் ஓட்டுநர் அவளுக்கு மாமாவாகி வெகுகாலமாயிற்று.

"இங்கயா இருக்கீங்க மாமா. ஃப்ளாஸ்க் எங்க? வந்தவங்களுக்குக் கொஞ்சம் டீ போடலாம்னு."

"கதவைச் சாத்தும்மா. ஒண்ணு கேக்கணும்."

சாத்தினாள்.

"காலேஜ்ல புதுசா வந்த மெஷின் இருக்கில்ல, கேட்டா பதில் சொல்லுமே. அதுல உங்க அக்கா என்னென்ன கேட்டான்னு பார்க்க முடியுமா?"

"எதுக்கு மாமா?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்களே."

அது அந்த மேசைகளின் தொழில் பழக்கம். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். சென்ற வருடம் ஒரு மாணவன் வந்து, கல்லீரலைப் பற்றிப் புத்தகம் வேண்டுமென்று மெஷினைக் கேட்டானாம். மூச்சு விடுவதற்குள் அது நானூறு தலைப்பை அள்ளிப் போட்டுவிட்டது. பையன் அதைப் பார்த்தபடியே நிற்கிறான். "வீட்டுல யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று இவர் மனைவி கேட்டாள். அப்பாவுக்கு மறுநாள் ஆபரேஷன். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துக் கொடுத்து, உட்காரவைத்துத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாளாம். அன்று சாயங்காலம் வேனில் ஏறியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை ஓட்டுநரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இழுப்பறை நிறையப் புத்தக விவர அட்டைகள். அப்போது அழகான கையெழுத்தும் சுறுசுறுப்பான விரல்களும் போதும். பிறகு கணினி வந்தது, தட்டச்சு கற்றாள். இணையம் வந்தது; எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் எது சிக்குமென்று கற்றாள். ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் திட்டித் தீர்ப்பாள். நாலாவது நாள் விற்க வந்தவனுக்கே வகுப்பெடுப்பாள். பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்ட அன்று அவள் வருத்தப்படுவாளென்று இவர் ஐஸ்கிரீம் வாங்கி வைத்திருந்தார். "தொலைஞ்சுது சனியன், ஒரே தூசி" என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

கடைசியாக வந்த மெஷின்தான் அவளை உண்மையிலேயே படுத்தியது. தேடவே வேண்டாம், கேட்டால் பதிலே வந்துவிடும். ஆனால் பதிலோடு அது காட்டுகிற கட்டுரைகளில் சில இந்த உலகத்திலேயே இல்லாதவை. அவற்றைக் கண்டுபிடிப்பது இவள் வேலையாயிற்று. "இன்னைக்கு மூணு பேரப் பிடிச்சேன்" என்பாள், பஸ்ஸில் ஜேப்படிக்காரர்களைப் பிடித்ததுபோல.

"சொல்லும்மா. இருக்குமா, இருக்காதா?"

"இருக்காது மாமா. சாயங்காலம் மூடினதும் எல்லாம் அழிஞ்சிடும். உங்களுக்குத் தெரியாதா, அக்காதான அந்த விதியைக் கொண்டுவந்தாங்க."

அவருக்குத் தெரியும். மறந்து தொலைத்திருந்தார். யார் எதைக் கேட்டார்கள் என்று பெயரோடு சேர்த்துவைக்கிற மெஷின் அது. கல்லூரிக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. இவள் இரண்டு மாதம் ஒற்றைக் காலில் நின்று சண்டை போட்டாள். ஒருவர் எதற்குப் பயந்து எதைத் தேடினார் என்பது அவர் சொந்த விஷயம், அதைச் சேர்த்துவைக்க நமக்கென்ன உரிமை, இத்தனை வருடம் எடுத்துக் கொடுக்கத் தெரிந்தால் போதும், இனிமேல் எதை வைத்துக்கொள்ளக் கூடாதென்றும் நமக்குத் தெரிய வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசினாளாம். ஜெயித்துவிட்டு வந்த அன்று, "பலே" என்று முதுகில் தட்டியவரும் இவர்தான்.

"மெஷின் கிடக்கட்டும். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தே. திரும்பினா தெரியும்."

சின்ன மேடம் ஃப்ளாஸ்க்கைத் தேடி அலமாரியைத் திறந்தாள்.

"பார்த்திருப்பே இல்ல?"

"பார்த்தேனா, பார்க்கலையான்னுகூட நான் சொல்லக் கூடாது மாமா. அக்கா விஷயத்துலகூட சொல்லக் கூடாது. அக்காவுக்காகத்தான் சொல்லக் கூடாது."

அவருக்குக் கோபம் வந்தது. கூடத்தில் கிடக்கிறவளும் இவளும் சேர்ந்து தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டதாகத் தோன்றியது. "செத்துப்போனவளுக்கு என்னம்மா சொந்த விஷயம்?" என்று கேட்டுவிட்டார். கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கோபப்படவில்லை. கழுவாமல் கிடந்த இரண்டு தம்ளர்களை எடுத்துக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு, முன்பு கேட்ட அதே குரலில், "இது தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகணும் மாமா?" என்றாள்.

கேட்ட விதத்தில் அவர் உடைந்துபோனார். நாலு மாதத்தில் மகளைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். மருத்துவரின் கையைப் பிடித்தது, அல்சர் என்றது, மகளிடம் சத்தியம் வாங்கியது. மாத்திரை அட்டைகளை வேலைக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்க்கின் குப்பைத் தொட்டியில் போட்டதைக்கூட விடவில்லை.

"எங்ககிட்டயும் அக்கா அல்சர்னுதான் சொன்னாங்க" என்றாள் சின்ன மேடம்.

"நம்பித்தான் சொன்னாளா?"

அவள் பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் பிடித்தாள். "பேர் இல்லாத மாத்திரையக் கையில கொடுத்தீங்களே, என்ன மாத்திரைன்னு கேட்டாங்களா?" என்றாள்.

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு நாலு வேளை. நாலு மாதம். வீட்டுக்கு வாங்கும் பற்பசையின் டப்பாவில் இருக்கிற பொடி எழுத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறவள், ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையை நீட்டி, வாங்கி, விழுங்கிவிட்டு, தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். சில நாள் இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துமிருக்கிறாள். அல்சர் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார் இந்த மடையர்.

"கேக்கலம்மா" என்றார். "ஒரு தடவைகூடக் கேக்கல."

சின்ன மேடம் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் முதுகு குலுங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவருக்கு மனைவிமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் சொன்னேனா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கும் பின்னால் அவள்மேல் இருந்த பிரியமெல்லாம் வந்தது.

பிறகு கதவைத் திறந்துகொண்டு கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போனார். வேனைத் திறந்து, முதலுதவிப் பெட்டிக்கு அடியில் கையை விட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தார். திரும்பி வந்து, மனைவியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

உறையைப் பார்த்ததும் மகளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, இப்ப எதுக்குப்பா அது?"

"நீயும் உக்காரும்மா. சத்தியத்தையெல்லாம் விட்டுடு."

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.

ஓட்டுநர் தாளைப் பிரித்தார். "அல்சர் இல்லடி" என்றார் மனைவியிடம், சாதாரணமாகப் பேசுகிற குரலில். "இது ஸ்கேன் எடுத்த அன்னைக்குக் கொடுத்த ரிப்போர்ட். நாலு மாசமா வேன்ல வச்சிருந்தேன். மொத்தமும் படிக்கிறேன், கேட்டுக்கோ."

முதலில் தேதியைப் படித்தார். அவள் பெயரை, வயதை, பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையோடு படித்தார். மேலே அச்சிட்டிருந்த மருத்துவரின் பட்டங்களைக்கூட விடாமல் படித்தார். அடுத்த வரியில் வாய்க்குள் நுழையாத ஒரு நீளமான சொல் வந்தது. இரண்டு தடவை முயன்று நிறுத்தினார்.

டீத் தட்டோடு வந்த சின்ன மேடம் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து அந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவை, தப்பில்லாமல், மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் பக்கமும் இருந்தது. விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினார்.